பச்சைக் கோடும் சுண்ணக்கல்லும்

வணக்கம் சார்,

டெர்பியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டி அலுத்துப்போய், காசு சேர்த்து, கல்லும் மண்ணுமான பாதைகளில் ஓட்டுவதற்கென்று செய்த கிராவல் பைக் ஒன்று வாங்கினேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் ஆப் ஒன்று போட்டுக்கொடுத்த வழியில் பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கிளம்பினேன். டவ்டேல் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகப் போகும்போது வயதான ஓர் அம்மா மறித்து, "இது நடப்பவர்களுக்கான பாதை, இறங்கிவிடுங்கள்" என்றார். சுற்றிலும் ஒரே கூட்டம். அவமானமாகப் போய்விட்டது. வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் சொன்னாரா என்று இன்னமும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் ஆப் என்னை ஒரு வயலுக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று நீல அம்பு இருந்தது. ஆனால் முழங்கால் வரை சேறு. சக்கரம் சுற்றவே இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். அனுமதி உள்ள இடத்தில் ஓட்ட முடியவில்லை, ஓட்ட முடிகிற இடத்தில் அனுமதி இல்லை. இந்த ஊர் மலைப்பகுதியில் கிராவல் பைக்குக்கு என்று வழி எங்கேதான் இருக்கிறது? மனைவியும் ஒன்பது வயது மகளும் வேறு வரவேண்டும் என்கிறார்கள்.

எஸ்., டெர்பி

அன்புள்ள எஸ்.,

அந்த அம்மா மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னது சரி. டவ்டேலில் ஆற்றை ஒட்டி மில்டேல் கிராமம் வரை போகிற பாதை நடப்பவர்களுக்கு மட்டுமானது. அங்கே சைக்கிளோடு போய் அதே வார்த்தையை வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களில் டெர்பிஷையரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. அந்த உறுத்தலை இறக்கி வைத்துவிடுங்கள். கோபப்பட வேண்டுமென்றால் ஆப் மேல் படுங்கள். ஜனங்கள் எங்கே அதிகம் போகிறார்கள் என்று பார்த்து வழி போடுகிற ஆப்கள் பலவற்றுக்கு, நடந்து போனவர் யார், ஓட்டிப் போனவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இங்கிலாந்தில் கிராவல் வழி தேடுகிறவர்கள் முதலில் தரையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உரிமையை. இந்த நாட்டில் அநேகமாக எல்லா நிலமும் யாரோ ஒருவருக்குச் சொந்தம். அதன் குறுக்கே போகிற பாதையில் யார் எப்படிப் போகலாம் என்பது பாதைக்குப் பாதை மாறும். ஃபுட்பாத் என்றால் நடந்து மட்டும்தான் போகலாம். பிரிடில்வே என்றால் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளிலும் போகலாம். சைக்கிளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது 1968ஆம் வருடச் சட்டம். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். இவை போக பைவே என்று இரண்டு வகை. இரண்டிலுமே சைக்கிள் போகலாம். கம்பங்களில் மஞ்சள் அம்பு ஃபுட்பாத், நீலம் பிரிடில்வே, ஊதாவும் சிவப்பும் பைவேக்கள். மஞ்சள் அம்பு போட்ட பாதையில் ஓட்டினால் பொதுவாகப் போலீஸ் கேஸ் எல்லாம் இல்லை. அது நிலத்துக்காரரிடம் செய்கிற அத்துமீறல், சிவில் விவகாரம். அதற்காக ஓட்டலாம் என்று ஆகிவிடாது.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். எது ஃபுட்பாத், எது பிரிடில்வே என்ற பதிவு 1949 சட்டத்துக்குப் பின் ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதியது. ஒரு ஊர்க்காரர்கள் தங்கள் வண்டிப்பாதையைப் பிரிடில்வே என்று எழுதினார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் அதே மாதிரிப் பாதையை ஃபுட்பாத் என்று எழுதினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பாதையின் வகை மாறுகிற வேடிக்கை இன்றைக்கும் உண்டு. மொத்தப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை உள்ளது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வடக்கே எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போய்விட்டால் 2003 சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்கிறவரை, அநேகமாக எங்கும் ஓட்டலாம். ஒரே தீவு!

சரி, செய்ய வேண்டியது என்ன? அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள். அந்த ஆரஞ்சு அட்டை போட்ட 1:25,000 வரைபடம்தான். உங்கள் பக்கத்துக்கு ஓஎல்24 என்ற எண் போட்டது; ஒயிட் பீக், அதாவது பீக் டிஸ்ட்ரிக்டின் சுண்ணக்கல் பாதி. அதில் குட்டைப் பச்சைக் கோடுகள் ஃபுட்பாத், நீளப் பச்சைக் கோடுகள் பிரிடில்வே. பழக்கமில்லாதவர்கள் பார்க்காமல் விடுவது பச்சைப் புள்ளி வரிசையை. அவை பெரும்பாலும் கவுன்சில் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிற, ஆனால் தார் போடாத சின்னச் சாலைகள். இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் புல், சக்கரத்தடம் இரண்டில் மட்டும் கல். கிராவல் பைக்குக்கு இதைவிட நல்ல தரை இந்தப் பகுதியில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஆள் இருக்காது.

இனி உங்கள் சேறு. நீல அம்பு உரிமையைத்தான் சொல்கிறது. தரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குளிர்காலத்தில் குதிரைகள் மிதித்துக் குழப்பிய களிமண் வயல் நவம்பரிலிருந்து மார்ச் வரை யாருக்கும் உதவாது. ஈடேல் கிராமத்துப் பக்கம் ஜேக்கப்ஸ் லேடர் என்று ஓர் இறக்கம் இருக்கிறது. சட்டப்படி பிரிடில்வேதான், ஆனால் பாறைப்படி. மவுண்டன் பைக்காரர்கள் விரும்பி வருவார்கள், நாம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். எனவே உரிமைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, பாதைக்கு அடியில் இருக்கிற பாறையையும் அந்தப் பாதையை யார் எதற்காகப் போட்டார்கள் என்பதையும். கனமான சுமை போவதற்காகப் போட்ட பாதை எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் நமக்கு வழி உண்டு. ரயில், கல்குவாரி, அணை, மரம் வெட்டும் காடு, மடத்து ஆட்டுமந்தை என்று எதற்குப் போட்டதாக இருந்தாலும் சரி.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டவ்டேலுக்குக் கிழக்கே, மேட்டின் மேல், டிஸிங்டன் டிரெயில் போகிறது. 1899இல் போட்ட ரயில் பாதை, பிறகு மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து, 1971இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் திறந்துவிட்டார்கள். ஆஷ்போர்னில் ஒரு சுரங்கப்பாதையோடு ஆரம்பித்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர். மொத்தம் 200 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், ஆனால் ரயில் எஞ்சினுக்காகப் போட்ட சரிவு என்பதால் ஏறுவதே தெரியாது. எதிர்காற்று அடிக்கிறதோ, நமக்கு வயதாகிவிட்டதோ என்று மட்டும் தோன்றும். அடியில் சுண்ணக்கல், தண்ணீர் இறங்கிவிடும். மேலே பொடிக்கல். மழை பெய்த மறுநாளே ஓட்டலாம்.

பார்ஸ்லி ஹேயில் டீ குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினால் ஹை பீக் டிரெயில். இது 1830, 31இல் திறந்த கிராம்ஃபோர்ட் அண்ட் ஹை பீக் ரயில்வே. மலைக்கு இருபுறமும் இருந்த இரண்டு கால்வாய்களை இணைப்பதற்காகப் போட்டது. எஞ்சினியர் கால்வாய் போடுகிற மாதிரியே ரயிலையும் யோசித்திருக்கிறார். கால்வாய் நீண்ட தூரம் மட்டமாகப் போய், ஓர் இடத்தில் மதகு வைத்துச் சட்டென்று ஏறுமே, அதே கணக்கு. மட்டமான பகுதிகளில் குதிரை இழுத்தது. செங்குத்தான சரிவுகளில் உச்சியில் ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி, வேகன்களைக் கட்டி இழுத்தார்கள். மிடில்டன் டாப்பில் அந்த எஞ்சின் கட்டடம் உயரமான புகைபோக்கியோடு இன்னமும் நிற்கிறது, உள்ளே 1829இல் செய்த எஞ்சினும் இருக்கிறது. அதற்குக் கீழே மிடில்டன் சரிவு, எட்டடிக்கு ஓரடி. கோதம் என்கிற இடத்தில் பாதை ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பும். ரயில் இந்த வளைவில் எப்படித்தான் திரும்பியதோ என்று சைக்கிளில் போகிற நமக்கே தோன்றும். மினிங்லோ பக்கத்தில் பள்ளத்தை நிரப்பி, காரையே இல்லாமல் அடுக்கிய கற்கரை மேல் பாதை போகும். மேலிருந்தபடியே ஓட்டிப் போய்விடாதீர்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கி, கீழே நின்று அந்தக் கல்லடுக்கை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

ஹாப்டன் சரிவில் இறங்கியதும் கிராமச் சாலைகளில் விலகி கார்சிங்டன் நீர்த்தேக்கம் பக்கமாக ஆஷ்போர்னுக்கே திரும்பிவிடலாம். எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டருக்கு முன்னபின்ன வரும். கார் வேண்டாம் என்றால் டெர்பியில் மேட்லாக் ரயில் ஏறி கிராம்ஃபோர்டில் இறங்கி, ஹை பீக் டிரெயிலை அடிவாரத்திலிருந்தே பிடிக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் வேகன்களைக் கட்டி இழுத்த சரிவுகளில் நீங்கள் மிதித்து ஏற வேண்டும். முதல் தடவைக்கு வேண்டாம்.

அப்புறம், கொஞ்சம் கரடுமுரடு வேண்டுமென்றால் வடக்கே அப்பர் டெர்வென்ட், அணைகளும் நீர்த்தேக்கங்களும் உள்ள பள்ளத்தாக்கு. அங்கே சுண்ணக்கல் போய் மணற்பாறையும் கரிச்சேறும் வந்துவிடும், அதனால்தான் அந்தப் பாதியை டார்க் பீக் என்கிறார்கள். ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் கிளம்பினால் நீர்த்தேக்கங்களின் மேற்குக் கரையில் தார்ச்சாலை, திரும்பும்போது கிழக்குக் கரையில் காட்டோரக் கல்பாதை. 1943இல் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் போன விமானப்படையினர் தாழப் பறந்து பழகிய இடங்களில் இங்குள்ள டெர்வென்ட் அணையும் ஒன்று. கீழே லேடிபவர் நீர்த்தேக்கத்தில் டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு கிராமங்கள் மூழ்கின. மூழ்கிய ஊரில் இருந்த பழைய பொதிக்குதிரைப் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் மறுபடி கட்டினார்கள். நீங்கள் கரை மாறுவது அந்தப் பாலத்தில்தான். அங்கிருந்து லாங்செட்டுக்கு கட் கேட் என்று ஒரு பிரிடில்வே கிளம்பும். வரைபடத்தில் ஆசை காட்டும். மழைக்காலத்தில் போகாதீர்கள்.

வாரக்கணக்கில் லீவு கிடைத்தால் தெற்கே சவுத் டவுன்ஸ் மேட்டின் மேல் போகிற சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், முழுக்கச் சைக்கிளில் போக உரிமை உள்ள நீள்வழி. உயரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, டிச்லிங் பீக்கன் 248 மீட்டர்தான். ஆனால் அருன், அடர், ஊஸ், குக்மியர் என்று ஆறுகள் அந்த மேட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். மேட்டின் மேல் சம்பாதித்த உயரத்தை எல்லாம் ஆற்றங்கரையில் செலவழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இங்கே அடியில் இருப்பது சாக்குக்கட்டிச் சுண்ணம். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை, நனைந்தால் இட்லி மாவு. டயர் முழுக்க அப்பிக்கொண்டு வழுக்கும். அதில் பதிந்திருக்கிற ஃபிளின்ட் கற்கள் வேறு கத்தி மாதிரி டயர் பக்கவாட்டைக் கிழிக்கும். மே முதல் செப்டம்பருக்குள் போய்வாருங்கள். ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். போட்டோக்களில் பார்த்த வெள்ளைப் பாறை விளிம்பு, செவன் சிஸ்டர்ஸ், நடப்பவர்களுக்கு. நமக்கு உள்ளே விண்டோவர் ஹில் ஏறி ஜெவிங்டன் வழி. வருத்தப்பட ஒன்றுமில்லை, விண்டோவர் ஹில் மேல் அமைதியாக இருக்கும்.

யார்க்‌ஷையர் டேல்ஸில் கில்ன்ஸியிலிருந்து மால்ஹம் பக்கம் போகிற மாஸ்டைல்ஸ் லேனையும் குறித்து வையுங்கள். ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் ஆடு ஓட்டிப் போன பாதை. நார்தம்பர்லாந்தின் கீல்டர் காட்டில் மர லாரிகளுக்காகப் போட்ட சாலைகள் முடிவில்லாமல் போகும். எனக்கு அவ்வளவு பிடிக்காது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஊசியிலை மரம். தூரம் ஓட்டுவதே குறி என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

வண்டி விஷயத்தில் கடைக்காரர் சொல்கிற எல்லாவற்றையும் வாங்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்று 1955இலேயே சங்கம் வைத்து, சாதாரண டூரிங் சைக்கிளில் இந்தப் பாதைகளில் எல்லாம் போய்வந்தவர்கள். இரண்டு விஷயம் மட்டும் முக்கியம். டயர் 45 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் வகையாக. காற்றைக் கல்லு மாதிரி அடைக்காதீர்கள். அப்புறம் கடைசி கியரில் முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே ஏற்றங்கள் நீளம் குறைவு, ஆனால் நாலடிக்கு ஓரடி என்று சுவர் மாதிரி வரும்.

குதிரை எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்துவிட்டுத் தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். பின்னாலிருந்து போகும்போதும் அப்படியே. சத்தமில்லாமல் வருகிற சைக்கிள்தான் குதிரையை மிரட்டும். மேலே இருப்பவர் விழுந்தால் சின்ன விஷயம் இல்லை. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டு.

மகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் மான்சல் டிரெயில். பேக்வெல்லுக்குப் பக்கத்தில், அதுவும் பழைய ரயில் பாதைதான், 1968இல் மூடியது. 13 கிலோமீட்டர் சொச்சம், அநேகமாக மட்டம். 2011இல் சுரங்கங்களையும் திறந்துவிட்டதால் மலைக்குள்ளேயே ஓட்டிப் போகலாம், குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். ஹெட்ஸ்டோன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததுமே பாலத்தின் மேல் நிற்பீர்கள், கீழே வை ஆறு. சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஹாசப் பழைய ஸ்டேஷனில் வாடகைக்குக் கிடைக்கும். சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், மேலிருந்து சொட்டும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விளக்குகள் பகலில்தான் எரியும், இருட்டினால் அணைத்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் கிளம்புவதாக இருந்தால் மூன்று சைக்கிளிலும் விளக்கு மாட்டிக்கொண்டு போங்கள்.