எக்செல் தாளில் சில வரிசைகளை மட்டும் பூட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: சம்பளப் பட்டியலின் முதல் ஐந்து வரிசைகளை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுத்தால் தாள் முழுவதுமே பூட்டிக்கொள்கிறதே, ஏன்?

பதில்: புதிய தாளில் எல்லாக் கட்டங்களுக்கும் ‘லாக்டு’ என்ற குறி முன்பே இடப்பட்டிருக்கிறது. தாளைப் பாதுகாக்கும்வரை அது செயல்படுவதில்லை. பாதுகாத்ததும் அத்தனையும் ஒருசேரப் பூட்டிக்கொள்கின்றன. ஆகவே திறப்பதிலிருந்து தொடங்குங்கள். இடது மேல் மூலையைச் சொடுக்கித் தாள் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல்-1 அழுத்தி, ‘புரொடெக்‌ஷன்’ பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பிறகு 1 முதல் 5 வரையுள்ள வரிசைகளுக்கு மட்டும் குறியை மீண்டும் இடுங்கள். ‘ரிவியூ’ பட்டியிலுள்ள ‘புரொடெக்ட் ஷீட்’ கடைசியில்தான். முன்னதாக அதைக் கொடுத்துவிட்டால் குறியை மாற்ற எக்செல் விடாது. இந்த ஒன்று புரியாமல், பூட்டே வேண்டாமென்று விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: ‘புரொடெக்ட் ஷீட்’ கொடுக்கும்போது, வரிசைகளை நீக்க விடும் ‘டெலிட் ரோஸ்’ அனுமதி கொடுத்தும் வரிசையை நீக்க முடியவில்லை.

பதில்: அந்த வரிசையில் பூட்டிய கட்டம் ஒன்று இருந்தாலும் நீக்க முடியாது. பெரும்பாலும் கூட்டுத்தொகை வாய்பாடு உள்ள கட்டமாக இருக்கும். வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ வசதிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: திறந்து வைத்த கட்டங்கள் சில நாட்களில் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. யாரும் எதையும் தொடவில்லை என்கிறார்கள்.

பதில்: வேறு தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டும்போது எண்ணோடு ‘லாக்டு’ குறியும் கூடவே வந்துவிடும். அவர்கள்மேல் குற்றமில்லை, கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இது. மதிப்பை மட்டும் ஒட்டும் ‘பேஸ்ட் வேல்யூஸ்’ முறையிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைத்த மேக்ரோவும் (சிறு நிரல்) பூட்டிய வரிசையில் எழுத முடியாமல் நின்றுவிடுகிறது.

பதில்: மேக்ரோவில் தாளைப் பாதுகாக்கும் கட்டளையோடு ‘யூசர் இன்டர்ஃபேஸ் ஒன்லி’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அப்போது பூட்டு ஆட்களை மட்டும் தடுக்கும், மேக்ரோவைத் தடுக்காது. கோப்பை மூடியதும் இந்த அமைப்பு மறைந்துவிடும் என்பதால், கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இயங்கும் ‘வொர்க்புக் ஓப்பன்’ நிகழ்வில் அந்தக் கட்டளையை எழுதி வையுங்கள்.

கேள்வி: இதற்குக் கடவுச்சொல் வைத்தால் சம்பள விவரம் பத்திரமாக இருக்குமா?

பதில்: இருக்காது. தாள் பூட்டு கைத்தவறுதலைத் தடுப்பதற்கு மட்டுமே. கோப்பைத் திறப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம். விவரம் தெரிந்தவர் பூட்டையே அகற்றிவிடலாம். சம்பளம் பிறர் கண்ணில் படக் கூடாது என்றால், ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ வழியே போய் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ கொடுத்துக் கோப்பையே மறையாக்கம் செய்யுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டாலும் அதை மீட்டுத்தர முடியாது.