சாம்பல் கலந்த பிளேட்: மிகுதிக் காசைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் வீடு கட்டுகிறோம். வைகாசி முடிவில் மேல்மாடி பிளேட் (கொங்கிறீற்றுத் தளம்) போட்டார்கள். சீமெந்தில் பாதியை நான் ஹாட்வெயார் கடையில் வாங்கிக் கொடுத்தேன், மீதி கொந்தராத்துக்காரருடையது. கொங்கிறீற்றுப் போட்ட அன்று பெயர் எதுவும் இல்லாத சாக்குகளில் சாம்பல் நிறத் தூள் வந்து இறங்கியதை மகன் கண்டிருக்கிறான். கேட்டதற்குக் கொந்தராத்துக்காரர், "நுரைச்சோலைச் சாம்பல் தம்பி, கொம்பனிக்காரனும் இதைத்தான் சீமெந்துக்குள்ள போடுறான்" என்றாராம். ஏழாம் நாள் முட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். இப்போது நடுவில் வெடிப்பு, தளம் சற்றுத் தொய்ந்தும் தெரிகிறது. ஒப்பந்தம் என்று இருப்பது கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்ட ஒரு பக்கம்தான்: "1:2:4 கலவை, நல்ல சீமெந்து." மிகுதி நான்கு இலட்சம் கேட்டு நெருக்குகிறார். கொடுக்காமல் விடலாமா? பொலிசுக்குப் போகலாமா? கடைக்காரரையும் பொறுப்பாக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் காசைக் கொடுக்க வேண்டாம். ஆனால் "சாம்பல் கலந்துவிட்டார்" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்கவும் வேண்டாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

நீங்கள் அனுப்பிய சீமெந்துப் பையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் எஸ்.எல்.எஸ். 1247 என்று இருக்கிறது. அது சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சீமெந்துக்கான இலங்கைத் தரக் கட்டளை. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக்கு உரியது எஸ்.எல்.எஸ். 107. ஆகவே நீங்களே கடையில் வாங்கிய பையிலும் சாம்பல் இருந்திருக்கலாம், அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. நுரைச்சோலை போன்ற அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது புகையோடு போகும் நுண்ணிய தூளைப் பிடித்து எடுப்பதுதான் பிளை ஆஷ். சீமெந்து நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது மெதுவாக வினைபுரிந்து கொங்கிறீற்றின் நுண்துளைகளை அடைக்கும். உப்புக்காற்று அடிக்கும் உங்கள் கடற்கரைக்கு அது நல்லதுகூட. துபாய் புர்ஜ் கலிபாவின் அத்திவாரப் பைல்கள் உப்பு நிறைந்த நிலத்தடி நீரில் நிற்கின்றன. அவற்றின் கலவையில் சீமெந்துப் பொருளில் 25 வீதம் பிளை ஆஷ்தான்.

அந்தச் சாக்குத் தூளின் கதை வேறு. தொழிற்சாலையில் சாம்பலைச் சோதித்து, அளந்து சேர்க்கிறார்கள். எரியாத கரி மிஞ்சியிருந்தால் அது தரக்குறைவு, அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். சி618 கட்டளை எரித்துப் பார்க்கும்போது ஏற்படும் எடை இழப்பை 6 வீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. பெயரில்லாத சாக்கில் வந்தது பிளை ஆஷா, உலையின் அடியில் விழும் கரடுமுரடான அடிச்சாம்பலா என்பது அதை ஏற்றியவருக்கே தெரிந்திருக்காது. உங்கள் கொப்பிப் பக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது. 1:2:4 என்றால் சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. அந்த "ஒன்று"க்குள் உங்களைக் கேளாமல் தூளைச் சேர்த்துச் சீமெந்தைக் குறைத்திருந்தால், அது ஒப்பந்த மீறல். "நல்ல சீமெந்து" என்பது வழவழப்பான சொல், அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். 1:2:4 என்ற எண்கள்தான் உங்கள் பலம்.

முட்டுக் கழற்றிய கதை அதைவிடப் பலமானது. நம் பொறியியலாளர்கள் நெடுங்காலம் பாவித்த பிரித்தானிய பி.எஸ். 8110 நெறியில், வெப்பநிலை 16 பாகைக்கு மேல் இருக்கும்போது தளத்தின் முட்டுகளை 10 நாளைக்கு முன் எடுக்கக் கூடாது. அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக்குச் சொன்ன கணக்கு. சாம்பல் கலந்த கொங்கிறீற்றுக்குத் தொடக்கப் பலம் இன்னும் மெதுவாகவே வரும். சாம்பல் போட்டதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்றால், ஏழாம் நாளில் கழற்றியதற்கு அவரிடம் என்ன விடை இருக்கும்?

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. தண்ணீர் விட்டது யார்? வைகாசி, ஆனியில் திருகோணமலையில் வறண்ட கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போட்ட சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். கலப்புச் சீமெந்தென்றால் ஈரமாக வைத்திருக்க வேண்டிய நாட்களும் கூடும், இந்தியாவின் ஐ.எஸ். 456 சாதாரணச் சீமெந்துக்குக் குறைந்தது 7 நாளும் கலப்புக்கு 10 நாளும் கேட்கிறது. தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பென்று பேசியிருந்தீர்கள் என்றால் பழியில் ஒரு பங்கு உங்கள் பக்கமும் வரும். வழக்கில் கேட்டுத் திகைப்பதைவிட இப்போதே எனக்குச் சொல்லிவிடுங்கள்.

வெடிப்பு காய்ந்ததால் வந்ததா, பலக்குறைவால் வந்ததா என்பதைத் தகுதிபெற்ற சிவில் பொறியியலாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். மேசன்மாரின் அபிப்பிராயம் போதாது. தளத்தில் கோர் (உருளை வடிவத் துண்டு) துளைத்து எடுத்து ஆய்வுகூடத்தில் நசுக்கிப் பார்க்கலாம். அமெரிக்க ஏ.சி.ஐ. 318 நெறியில் மூன்று கோர்களின் சராசரி குறித்த பலத்தில் 85 வீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இறுகிய கொங்கிறீற்றில் சாம்பல் இருந்ததா என்பதையும் நுண்காட்டியில் காணலாம். பிளை ஆஷ் துகள்கள் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். துளைக்கும் நாளைக் கொந்தராத்துக்காரருக்குப் பதிவுத் தபாலில் முன்கூட்டியே அறிவியுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. மிச்சச் சாக்கு கிடந்தால் வெளியார் ஒருவர் முன்னிலையில் கட்டி, ஒப்பமிட்டு வையுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிப் படமெடுங்கள். நீள்கிறதா என்பது அதில் தெரியும். அதுவரை பூச்சும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். தொய்வு கூடினால் பொறியியலாளர் வரும்வரை கீழே யாரையும் படுக்க விடாதீர்கள், முட்டுகளைத் திரும்ப நிறுத்துங்கள்.

கடைக்காரர் விடயம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் பில்லில் "சீமெந்து" என்று மட்டுமே இருக்கிறது, பையிலோ எஸ்.எல்.எஸ். 1247 அச்சாகியிருக்கிறது. மறைத்தார் என்று சொல்ல முடியாது. கொந்தராத்துக்காரர் வாங்கிய பைகளைப் பொறுத்தவரை கடைக்காரருடன் உங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. அவரை விட்டுவிடுங்கள், நாளைக்குச் சாட்சிக்குத் தேவைப்படுவார்.

பொலிசுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவில் மோசடி நிரூபிக்க ஏமாற்றும் நோக்கம் வேண்டும். "கொம்பனிக்காரனும் போடுறான்" என்று மகனிடம் வெளிப்படையாகவே சொன்னவர்மேல் அதை நாட்டுவது கடினம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதலாம்; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வைகாசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், நாள் அதிகமில்லை.

மாவட்ட நீதிமன்றத்துக்கு அவகாசம் உண்டு. ஒப்பமிட்ட அந்த ஒரு பக்கமே எழுத்து ஒப்பந்தம் என்பதால் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் ஆறு வருடம்; வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் மூன்றே வருடம். செய்த வேலைக்கான கூலிக் கோரிக்கைக்கு அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒரு வருடம்தான் தருகிறது. அவர் அவசரப்படுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரலாம்.

மிகுதிக் காசைப் பிடித்து வைக்க நமது ரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் திருத்தச் செலவுக்கு அளவாக. பொறியியலாளர் திருத்தத்துக்கு இரண்டரை இலட்சம் என்றால் நான்கு இலட்சத்தையும் வைத்திருப்பது உங்களையே பிழைகாரராக்கும். அறிக்கை வந்ததும் கொப்பிப் பக்கத்தின் அசல், பில்கள், வெற்றுப் பைகள் எல்லாவற்றோடும் வாருங்கள். கோரிக்கைக் கடிதத்தில் தொகையை அன்று எழுதுவோம்.