அப்பச்சியால் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க முடியுமா?

கேள்வி: அப்பச்சிக்கு வயது 74. நுரையீரலில் கட்டி. வழக்கமான பெட் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இப்போது ஓர் ஆய்வுக்காக 'டைனமிக்' பெட் ஸ்கேனுக்குச் சம்மதம் கேட்கிறார்கள். ஊசி போட்ட நொடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டுமாம். இடுப்பு வலிக்காரர்; வளவில் பாய் விரித்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார். நேரத்தைக் குறைக்க வழி உண்டா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு, ஆச்சி. அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று தெரிந்தால் எதை வெட்டலாம் என்பதும் தெரிந்துவிடும்.

என் ஐயா பர்மாவில் லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதியவர். ஐந்தொகையில் இருப்பு எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். எந்த வேகத்தில் சேர்ந்தது என்று பார்க்கப் பேரேட்டைப் புரட்ட வேண்டும் என்பார். அப்பச்சிக்கு முதலில் எடுத்தது ஐந்தொகை. ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சர்க்கரை போன்ற அந்தக் கதிரியக்க மருந்து கட்டியில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். இப்போது கேட்பது பேரேடு.

பேரேட்டில் இரண்டு பத்தி. இரத்தத்தில் வந்த மருந்து ஒன்று, கட்டியில் தங்கியது மற்றொன்று. 1983-இல் பாட்லாக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வகுத்த முறைப்படி இரண்டையும் வரைந்தால், சுமார் அரை மணிக்குப் பிறகு புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் சரிவுதான் கட்டி சர்க்கரையை இழுக்கும் வேகம்.

ஆக, கட்டியைப் பார்க்கக் கடைசி 20 நிமிடம் போதும். முன்னால் உள்ள நேரமெல்லாம் இரத்தப் பத்தியை நிரப்பத்தான். இரத்தத்தில் மருந்து சட்டென்று ஏறி, பிறகு மெல்ல இறங்கும். அந்த வளைவின் வடிவம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. பலரிடம் அளந்த சராசரி வளைவை எடுத்து, அப்பச்சியின் பெருந்தமனியில் கடைசியில் தெரியும் அளவுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்துவிட்டுக் கடைசியில் படுத்தால் போதும். சிறுநீரகமோ இதயமோ பழுதானவர்களுக்குச் சராசரி வளைவு பொருந்தாமல் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

20-ஐப் பத்தாக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். சாதாரண இயந்திரம் ஒரு நேரத்தில் உடலில் 15 முதல் 25 சென்டிமீட்டர்தான் பார்க்கும். உடல் முழுவதையும் பார்க்கப் படுக்கை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். நுரையீரலின் முறை வருவதே சில தடவைதான். 2018-இல் தன் முதல் மனிதப் படங்களைத் தந்த 194 சென்டிமீட்டர் நீள இயந்திரம் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே நேரத்தில் பார்க்கும். அது இருக்கும் இடத்தில் சிக்கனம் பிடிக்கலாம்.

நான் ஸ்கேன் அறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரியவர், நாற்பது நிமிடம் சிலைபோலக் கிடந்துவிட்டு இடுப்பை லேசாகத் திருப்பினார். எலும்பில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் இரண்டு தெரிந்தன. முன்னால் எழுதியதும் பின்னால் எழுதியதும் ஒட்டவே இல்லை, அத்தனை நேரமும் வீண். அதனால்தான் சொல்கிறேன்: அசைந்த ஒரு மணி நேரத்தைவிட அசையாத இருபது நிமிடம் எனக்கு உயர்வு. முழங்காலுக்கடியில் ஒரு தலையணை கேளுங்கள், கழிப்பறைக்குப் போய்விட்டுப் படுக்கச் சொல்லுங்கள். குறுக்கிய முறை அங்கே இல்லையென்றால் தாராளமாக மறுத்துவிடலாம். ஆய்வுக்கு ஒப்பாததால் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது.

கேள்வி: பெட் ஸ்கேன் முடிந்த அன்றே பேரனைத் தூக்கலாமா?
- வாசகர், கண்டனூர்

பதில்: ஊசி மருந்தின் கதிர்வீச்சு சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆறு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரில் போவது தனி. எத்தனை மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்வார்கள். நானாக இருந்தால் அன்று இரவு வரை பேரனை ஆச்சியிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலை தூக்குவேன்.