வீட்டையும் குதிரைகளையும் ஒரே வாரயிறுதியில் கிராமத்துக்கு மாற்றிவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: கிராமப்புறத்தில் நிலத்தோடு சேர்ந்த வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். மூன்று குதிரைகள், இதுவரை வாடகை லாயத்தில் நின்றவை. சாமான்களையும் குதிரைகளையும் ஒரே வாரயிறுதியில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் வேலை முடிந்துவிடுமா என்று கேட்கிறார்.

இறக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

எங்களிடமும் மூன்றுதான். வயதான பெண் குதிரை ஒன்று, கிழவி என்றே கூப்பிடுவோம். அதன் மகன், காயடித்த ஏழு வயதுக் குதிரை. அப்புறம் ஒரு மட்டக்குதிரை. காலையில் சாமான் லாரி, மதியம் குதிரைகள் என்று மனைவி ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தாள். லாரி கிளம்பவே தாமதம். கடைசியில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. வாசலுக்கு முந்திய வளைவில் லாரி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் டிரெய்லர், உள்ளே மூன்று குதிரைகள், தலைக்கு மேல் வெயில். இரண்டு மணி நேரம். இறக்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கட்டில் மாட்டப் போய்விட்டோம்.

மறுநாள் முழுக்கப் பெட்டி பிரித்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கிழவி முன்காலால் தரையைப் பிறாண்டுகிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது. குதிரை வளர்க்கும் யாருக்கும் இது வயிற்றுவலி என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவர் வந்து வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். குடலில் சத்தமே இல்லை. ‘தண்ணீர் எவ்வளவு குடித்தது?’ என்றார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீரோ எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாக மட்டுமே வெளியே வரவேண்டும். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியாக வயிற்றுவரை ஒரு குழாயை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பம்ப் செய்தார். நான் வாளியையும் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். விடியும் நேரத்தில் கிழவி லத்தி போட்டது. ஒரு குவியல் லத்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

தொட்டியில் தண்ணீர் இருந்தது. குடிக்கவில்லை, அவ்வளவுதான். இடம் மாறினால் தண்ணீரின் வாசனையும் ருசியும் மாறும். சில குதிரைகள் அதைத் தொடாமலே நிற்கும்.

ஆகவே என் பதில்: முதலில் நீங்கள் போங்கள். குதிரைகள் இன்னும் மூன்று நான்கு வாரம் பழைய லாயத்திலேயே இருக்கட்டும். ஒரு மாத வாடகை கூடுதலாகப் போகும், போகட்டும். அந்த நாட்களில் அங்கே வெறுமனே வாழ்ந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கரண்ட் எத்தனை முறை போகிறது, பக்கத்து நிலத்து நாய்கள் எந்த ஓட்டை வழியாக வருகின்றன என்பதெல்லாம் நிலத்தை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். வெயிலும் காய்ந்த புல்லும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். மூன்றுக்கும் சேர்த்து 150 லிட்டர் என்று வையுங்கள். வீட்டுச் செலவு தனி. போர் தண்ணீர் என்றால் மோட்டார் ஓடினால்தான் வரும், மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும் தொட்டி ஒன்று உயரத்தில் இல்லாமல் குதிரைகளைக் கொண்டுவராதீர்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் அதைத்தான் குடிக்கப்போகிறீர்கள்.

பழைய இடத்துத் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வாருங்கள். முதல் இரண்டு நாள் அதையும் புதியதையும் கலந்து கொடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரில் கொஞ்சம் மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைப்பாகு) கலந்து பழக்கிவிட்டால், புதிய இடத்துத் தண்ணீரிலும் அதே ருசிதான் இருக்கும். குதிரைக்கு வித்தியாசம் தெரியாது. முதல் வாரம் தானாக நிரம்பும் தொட்டி வேண்டவே வேண்டாம். வாளியில் வையுங்கள். எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

தீனியும் அப்படித்தான். குதிரையின் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றன. அவை பழகியது பழைய புல்லுக்கு. ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும், மோசமானால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தரமாக நொண்டும். பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும். ஆகவே பழைய லாயத்துக் காய்ந்த புல்லையே இரண்டு வாரத்துக்கு எடுத்துப் போங்கள். பெரிய குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ என்று கணக்குப் போட்டால் மூன்றுக்கும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் வரும். லாரியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். சோபா அடுத்த நடையில் வரட்டும்.

புதிய இடத்தில் பச்சைப்பசேலென்று புல் நிற்கிறது, பணம் மிச்சம் என்று நினைப்பு வரும். எனக்கும் வந்தது. காய்ந்த புல்லில் வளர்ந்த குதிரையை அதில் முழுநாளும் விட்டால் மேலே சொன்ன குளம்பு வியாதிதான். முதல் நாள் இருபது நிமிடம், மறுநாள் அரை மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். மட்டக்குதிரைக்கு இன்னும் கண்டிப்பு தேவை. அவை காற்றைத் தின்றே கொழுக்கும் ஜாதி.

அடுத்து நிலம். நான் கையில் ஒரு வாளியோடு ஓரம் ஓரமாக நடந்தேன், கிழவிக்கு வயிற்றுவலி வந்த பிறகு. முன்பே நடந்திருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி, பாட்டில் துண்டு, யாரோ பத்து வருடத்துக்கு முன் போட்டுவிட்டுப் போன கம்பிச்சுருள் என்று மூன்று வாளி சேர்ந்தது. குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம். தடுப்பூசி தேதியைப் பாருங்கள், வாளியோடும் நடங்கள்.

முள்கம்பி வேலி இருந்தால் எடுத்துவிடுங்கள். மாட்டுக்குச் சரி. மாடு வேலியில் சாய்ந்து நின்று யோசிக்கும், குதிரை பயந்தால் யோசிக்காமல் ஓடும். தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயங்கள் அப்படித்தான் வருகின்றன. முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றக் காசில்லை என்றால் ஒரு சிறிய அடைப்புக்கு மட்டுமாவது மரக்கட்டையோ, அகலமான வெள்ளை மின்வேலிப் பட்டையோ போடுங்கள். மெல்லிய கம்பி ஓடும் குதிரையின் கண்ணுக்குத் தெரியாது, பட்டை தெரியும்.

செடிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வாசலில் இருபுறமும் அரளி வரிசை, இளஞ்சிவப்புப் பூ, பார்க்க அவ்வளவு அழகு. வீட்டை வாங்கியதற்கே அது பாதிக் காரணம் என்று மனைவி சொல்வாள். ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயம் நின்றுவிடும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது என்பதால் வெட்டிப் போட்டதைக் குவித்து வைப்பதும் ஆபத்து. வேரோடு எடுத்தோம், சருகுவரை பொறுக்கினோம். ஆமணக்கு, உண்ணிச்செடி, ஊமத்தை இருந்தாலும் எடுத்துவிடுங்கள். உங்கள் பகுதியில் வேறு என்ன விஷச்செடி உண்டு என்பதை உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சாக்கில் அவரிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: குதிரை பார்ப்பாரா என்று. எல்லாரும் பார்ப்பதில்லை. லாடம் அடிப்பவரையும் முன்கூட்டியே பிடித்து வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டியவர். தூரம் என்று அவர் தயங்கினால் அது போகும் முன்பே தெரியவேண்டும்.

பயணத்துக்கு வருவோம். டிரெய்லரில் ஏறப் பழக்குவதைக் கிளம்பும் நாளில் செய்யாதீர்கள். சில வாரம் முன்பிருந்தே அதை நிறுத்தி வைத்து, உள்ளே தீனி வைத்து, ஏறி இறங்கப் பழக்குங்கள். ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு அடிப்பலகையைக் குத்திப் பாருங்கள். மூத்திரத்தில் ஊறி ஊறி உளுத்த பலகை மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

தலையை உயர்த்திக் கட்டுவதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடியும். மணிக்கணக்கில் உயர்த்தியே நின்றால் அது நுரையீரலுக்குள் இறங்கும், இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலாக வரும். கயிற்றை நீளமாக விடுங்கள், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி அட்டை, ரத்தப் பரிசோதனைச் சான்று, போக்குவரத்து அனுமதி இதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பின்னால் விட்டுவிட்டு வராதீர்கள். கூட்டத்தில் வாழும் பிராணி அது. தனியாக விட்டால் வேலி ஓரமாக ஓடி ஓடியே வியர்த்துச் சாகும் போலிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே இறக்குங்கள். கயிற்றோடு பிடித்து அடைப்பின் எல்லை முழுவதும் ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள். பிறகு மூன்றையும் சேர்த்தே அவிழ்த்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே வேறு குதிரைகள் இருந்தால் மூன்று வாரமாவது மூக்கோடு மூக்கு உரசாதபடி பிரித்து வையுங்கள்.

வீட்டுச் சாமானைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை, பெட்டிக்குள் இருப்பது சாகாது. லாரி எங்கே திரும்பும் என்பதை முன்பே அளந்து பாருங்கள், அவ்வளவுதான். செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு குச்சி நட்டு வையுங்கள், லாரி அதன்மேல் ஏறினால் முதல் நாளே நாறிவிடும். தலைக்கயிறுகள், மருந்துப்பெட்டி, வெப்பமானி, டார்ச் எல்லாவற்றையும் உங்கள் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ‘சமையலறை 4’ என்று எழுதிய பெட்டியில் இருந்தது.

வாடகை லாயத்தில் இருந்தவர்கள் மறந்துவிடும் ஒன்று லத்தி. ஒரு பெரிய குதிரை நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் போடும். மூன்று சேர்ந்தால் மாதத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். இதுவரை யாரோ அள்ளினார்கள், இனி நீங்கள்தான். குவிக்கும் இடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளி, வீட்டுக்குக் காற்று வராத பக்கமாகப் பாருங்கள். காய்ந்த புல்லையும் லாயத்தை ஒட்டி அடுக்காதீர்கள். ஈரம் போகாமல் கட்டிய புல் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் முதல் சில நாள் அவை நிம்மதியாக இருக்காது. குதிரை நின்றபடியே தூங்கும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பயமில்லை என்று தெரிந்தால்தான் படுக்கும். அதுவும் இன்னொன்று காவல் நின்றால். வயிற்றுவலி தீர்ந்த பிறகு தினமும் காலையில் நான் முதலில் பார்த்தது வாளியை, அடுத்து அவற்றின் விலாவை. மட்டக்குதிரை நான்காம் நாளே படுத்தது. பையன் ஒரு வாரம் கழித்து. கிழவி மட்டும் நின்றுகொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் காலை வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது அதன் இடது கன்னத்திலும் விலாவிலும் மண் அப்பியிருந்தது, பிடரியில் ஒரு வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.