பூமியை ரொக்கத்துக்கு கேக்கறாங்க, குடுத்துடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். வயசு 37, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். தாராபுரத்துல இருந்து 14 கிலோமீட்டர் உள்ள எங்க ஊர்ல அப்பா பேர்ல 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை காடு இருக்குங்க, சோளம் கம்பு போடுவோம். அது போக பல்லடம் பக்கம் 1,500 சதுரடி காலி மனை ஒண்ணு, 2009ல அப்பா ரெண்டேகால் லட்சத்துக்கு வாங்கிப்போட்டது. அப்பா 2023ல தவறிட்டார், உயில் எதுவும் எழுதலை. ஆஸ்பத்திரி செலவுக்கு வாங்கின 9 லட்சம் இன்னும் ரெண்டு வட்டில ஓடுது. அம்மாவுக்கு 63, வருமானம் எதுவும் இல்ல. அக்கா கல்யாணமாகி திண்டுக்கல்ல வீட்ல இருக்காங்க. போன வாரம் ஒரு பார்ட்டி நேரா வீட்டுக்கே வந்து புரோக்கர் கிடையாது கமிஷன் கிடையாது, ஏக்கர் 22 லட்சம், பத்து நாள்ல முழுசும் ரொக்கமா தர்றேன்றார். பத்திரத்துல கவர்மெண்ட் வழிகாட்டி மதிப்பான கைடுலைன் வேல்யூ ஏக்கருக்கு 6 லட்சம் மட்டும் காட்டிக்கலாம், மீதி கையில, உங்களுக்கு வரியே வராதுன்றார். மனையையும் 15 லட்சத்துக்கு எடுத்துக்கறாராம். அட்வான்ஸ் வாங்கிட்டு பவர் எழுதி குடுங்க, அக்காகிட்ட அவங்க பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம் வாங்கிடுங்க, அப்பதான் வேலை சுலபம்னு சொல்றார். மூணு மாசம் முன்னாடி பக்கத்து காடு 28க்கு போச்சுனு கேள்வி. வட்டியை நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது, குடுத்துடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், முதல்ல கண்ணுல பட்டது பார்ட்டி சொன்ன விலை இல்லைங்க, அந்த 9 லட்சம் கடன்தான். கடன் 9 லட்சம், அதுக்காக நீங்க விக்கப் போறது பக்கத்து காட்டு விலையை வச்சு பாத்தா 67 லட்சம் பெறுமானமுள்ள பூமி. இந்த கணக்கு உங்களுக்கே சரியா படுதா? கடனை அடைக்கணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, மாசம் 18,000 வட்டி போறது வீட்டையே அரிச்சிடும். ஆனா அதுக்கு மனை ஒண்ணே போதும், காட்டை தொடவே வேண்டாம். அத கடைசில விவரமா சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்த ரொக்க கதையை பேசிடலாம், ஏன்னா இப்ப ஊர் ஊரா இதே வசனத்தோட ஆளுங்க வர்றாங்க.

நேரடியா விக்கறது தப்பே இல்ல. புரோக்கர் இல்லாம பேசி முடிச்சா ரெண்டு பேருக்கும் கமிஷன் மிச்சம், நல்ல விஷயம்தான். தப்பு ரொக்கத்துலயும் பத்திரத்துல விலையை குறைச்சு காட்டறதுலயும்தான் இருக்கு. அதுவும் உங்க விஷயத்துல உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லாத தப்பு.

ஏன்னு சொல்றேன். கிராமத்து விவசாய நிலத்தை வித்தா வர்ற லாபத்துக்கு வருமான வரியே கிடையாது, சட்டப்படி அது மூலதன சொத்து கணக்குலயே வராது. கிராமத்து நிலம்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, 10,000 பேருக்கு மேல இருக்கற நகராட்சியோ பேரூராட்சியோ எதோட எல்லைக்குள்ளயும் இருக்கக்கூடாது, எல்லைக்கு வெளியன்னாலும் அந்த ஊர் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குள்ளன்னா 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துல இருந்து பத்து லட்சம் வரைக்கும் 6 கிலோமீட்டர், அதுக்கும் மேலன்னா 8 கிலோமீட்டர் தாண்டி இருக்கணும், ரோட்டு வழி இல்ல, காக்கா பறக்கற தூரம்தான் கணக்கு. தாராபுரம் ஒரு லட்சத்துக்குள்ள இருக்கற நகராட்சி, நீங்க 14 கிலோமீட்டர்ல இருக்கீங்க. பக்கத்துல எதாச்சும் பேரூராட்சி இருந்தா அதோட எல்லையை மட்டும் ஒருதரம் பாத்துக்கோங்க. விஏஓகிட்ட இருக்கற பயிர் கணக்கு, அதான் அடங்கல், அதுல சோளம் கம்பு ஏறியிருக்கானு பாருங்க, அதுதான் விவசாயம் நடக்குதுன்றதுக்கு ஆதாரம். இது ரெண்டும் சரியா இருந்தா பத்திரத்துல முழு விலை 52 லட்சத்து 80 ஆயிரம்னு போட்டாலும் காட்டுக்கு உங்க வரி பூஜ்யம். வரியே வராதுன்னு பார்ட்டி சொன்னது உண்மைதான், ஆனா அதுக்கும் ரொக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல.

அப்ப விலையை குறைச்சு காட்டினா யாருக்கு லாபம்? அவருக்கு. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் கட்டறது வாங்கறவர்தான். 2.4 ஏக்கருக்கு 6 லட்சம் வீதம் 14 லட்சத்து 40 ஆயிரம்னு எழுதினா மீதி 38 லட்சத்து 40 ஆயிரத்துக்கு கட்டவேண்டிய ஏறக்குறைய மூணரை லட்சம் அவருக்கு மிச்சம், அதோட கணக்குல வராத அவர் பணமும் பூமியா மாறிடுது. அவருக்கு வர்ற லாபத்துக்கு ரிஸ்க் பூராவும் உங்க தலையில.

அந்த ரிஸ்க் என்னன்னா, நிலம் விக்கறதுக்கு அட்வான்ஸா 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கக்கூடாதுனு 2015 ஜூன் 1ல இருந்து விதி இருக்கு, வாங்கினா வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். 2017 ஏப்ரல்ல இருந்து ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ யார்கிட்டயும் ரொக்கமா வாங்கக்கூடாது, அதுக்கும் அதே அளவு அபராதம், இன்னிக்கு ஒன்னரை நாளைக்கு ஒன்னரைனு பிரிச்சு வாங்கினாலும் கதை அதேதான். அபராதம் பூமி வாங்கறவருக்கு இல்ல, பணத்தை கை நீட்டி வாங்கின உங்களுக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்து செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிப்போச்சு, விதி மாறலை. விவசாயிக்கு விலக்கு உண்டுனு ஊர்ல யாராச்சும் சொல்லுவாங்க, அது குடுக்கறவர் வாங்கறவர் ரெண்டு பேருக்கும் விவசாய வருமானம் இருந்து, ரெண்டு பேருக்குமே வரி கட்டற வருமானம் இல்லாம இருந்தாதான், அதுவும் அந்த 20,000 விதிக்கு மட்டும்தான். சம்பளம் வாங்கற உங்களுக்கும் நிலம் வாங்கி விக்கற அவருக்கும் அது ஆகாது. 2025 ஏப்ரல்ல பெங்களூரு நில கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணும் சொல்லிடுச்சு, 2 லட்சத்துக்கு மேல ரொக்கம் கைமாறினதா பத்திரத்துலயோ வழக்குலயோ வந்தா சார்பதிவாளரும் கோர்ட்டும் வருமான வரித்துறைக்கு தகவல் குடுக்கணும்னு. அதனால நாளைக்கு பேசின மீதி ரொக்கத்தை அவர் தரலைன்னா, கோர்ட்டுக்கு போய் எனக்கு இவ்வளவு பாக்கின்னு சொல்றதுக்கே யோசிக்கணும்.

எங்க சித்தப்பா இப்படி மாட்டினவர்தான். பத்திர ஆபீஸ் எதிர்த்தாப்புல டீக்கடை சந்துல கார் டிக்கியை திறந்தா ரெண்டு அரிசி சிப்பம், உள்ள பூராவும் 500 ரூபா கட்டு, சித்தி முந்தானையை விரிச்சு உக்காந்து எண்ணினது இன்னும் எனக்கு கண்ணுலயே இருக்கு, பாதி எண்றதுக்குள்ள உள்ள டோக்கன் கூப்பிட்டாங்க, போய் கையெழுத்து போட்டுட்டாங்க. வீட்ல வந்து பாத்தா நாலு கட்டு குறைவு. அத விடுங்க, பீரோல வச்சிருந்து பயந்து போய் ஒரு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா 11 லட்சம் பேங்க்ல கட்டினார். சேமிப்பு கணக்குல வருஷத்துக்கு 10 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கம் கட்டினா பேங்க்கே வருமான வரித்துறைக்கு சொல்லிடும், நோட்டீஸ் வந்துச்சு. பூமி வித்த காசுங்கன்னார், பத்திரத்தை காட்டுங்கன்னாங்க, பத்திரத்துல இருந்தது நாலு லட்சம். மீதி வரியில்லாத நில காசுதான்னு நிரூபிக்க ஒரு துண்டு சீட்டு கூட இல்ல. வரியே இல்லாத பணம், அவர் கையாலயே கணக்கு காட்ட முடியாத பணமா ஆயிடுச்சு. கட்டவேண்டியதை கட்டி முடிச்சாலும் மனுஷன் அந்த ரெண்டு வருஷத்துல ரொம்ப ஒடிஞ்சு போயிட்டார். உங்களுக்கு 38 லட்சம்னா 500 ரூபா நோட்டுல 76 கட்டு வரும், வட்டிக்காரருக்கு 18 கட்டு போனது போக மீதியை எங்க வைப்பீங்க?

அடுத்து பவர். இதுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. பவர் எழுதி குடுத்தா நிலம் உங்க பேர்ல இருக்கும், விக்கற அதிகாரம் அவர் கையில இருக்கும், ஒரு சின்ன அட்வான்ஸை வச்சுக்கிட்டு அவர் 30க்கு ஆள் தேடுவார், கிடைச்சா வித்துட்டு உங்களுக்கு பேசினதை குடுப்பார், கிடைக்கலைன்னா இழுத்தடிப்பார், நடுவுல நீங்க வேற யாருக்கும் நிம்மதியா விக்க முடியாது. பவரை வச்சு சொத்துரிமை மாறாதுனு சுப்ரீம் கோர்ட் 2011லயே தெளிவா சொல்லிடுச்சு, நிஜமா வாங்கறவர் நேரா கிரயம்தான் கேப்பார். உங்க பக்கம் காத்தாடி கம்பெனி சோலார் கம்பெனினு இடம் சேர்த்துக்கிட்டே இருக்கற ஏரியா, பத்து நாள்னு அவசரப்படுத்தறவருக்கு பின்னாடி யாராச்சும் பெரிய பார்ட்டி இருக்கானு பக்கத்து காட்டுக்காரங்ககிட்ட மெதுவா விசாரிங்க.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். அப்பா உயில் எழுதாம போனா அம்மா, அக்கா, நீங்க மூணு பேருக்கும் சம பங்கு, கல்யாணம் ஆனதால அக்கா பங்கு குறையாது. விடுதலை எழுதி வாங்கிடுங்கன்னு வெளியாள் ஒருத்தர் உங்க வீட்டுக்குள்ள வந்து சொல்றார்னா எனக்கு அதுவே பிடிக்கலைங்க. நியாயத்தை விடுங்க, காசு கணக்குலயும் அது நஷ்டம்தான்.

மனையை எடுத்துக்கோங்க, மனை விவசாய நிலம் இல்ல, அதுக்கு வரி உண்டு. 15 லட்சத்துக்கு வித்து அப்பா வாங்கின ரெண்டேகாலை கழிச்சா லாபம் 12 லட்சத்து 75 ஆயிரம், 12.5 சதவீதம் வரி. பூராவும் உங்க பேருக்கு மாத்தி நீங்களே வித்தா 1 லட்சத்து 59 ஆயிரம் வரும். மூணு பேரா கையெழுத்து போட்டு வித்தா ஆளுக்கு லாபம் நாலேகால் லட்சம், அம்மாவுக்கும் அக்காவுக்கும் வேற வருமானம் இல்லாததால புது வரி முறைல முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல, மீதி 25,000க்கு ஆளுக்கு 3,125 ரூபாதான். உங்களுக்கு 53,125. மூணும் சேர்ந்து 59,375, மேல 4 சதவீத செஸ். அக்காவை சேர்த்துக்கிட்டா குடும்பத்துக்கே ஒரு லட்சம் மிச்சம் பாருங்க. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வந்த சொத்துன்றதால பணவீக்கத்தை கழிச்சு 20 சதவீதம் கட்டற பழைய வழியும் இருக்கு, ஆனா உங்க பங்குக்கு 12.5தான் குறைவா வருது. ஆடிட்டர்கிட்ட ஒருதரம் போட்டு பாத்துக்கோங்க.

அதனால நான் சொல்றது இதுதான், மனையை மட்டும் விலைக்கு போடுங்க. வரி போக 14 லட்சத்து சொச்சம் வரும், அப்பா வைத்தியத்துக்கு வாங்கின கடன்றதால அம்மா அக்கா ரெண்டு பேர்கிட்டயும் மனசு விட்டு பேசி 9 லட்சத்தை அதுலயே அடைச்சிடுங்க, மிச்சம் அஞ்சு லட்சத்துக்கு மேல நிக்கும், அத அம்மா பேர்ல போடலாம்னு எனக்கு தோணுது, அம்மாவுக்கு 60 தாண்டினதால போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் சேமிப்பு திட்டமே இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருதரம் வட்டி கைக்கு வரும். நல்ல ஆள் கிடைக்க ரெண்டு மாசம் ஆனாலும் வட்டி 36,000தான் போகும். காட்டை அவசரத்துல 22க்கு குடுத்தா 28ஓட ஒப்பிட்டா 14 லட்சத்து 40 ஆயிரம் போகுது.

மனைல ஒண்ணு கவனிங்க, 2009ல போட்ட லேஅவுட்டுன்னா பஞ்சாயத்து அப்ரூவல்னு சொல்லி வித்திருப்பாங்க, நகர் ஊரமைப்புத் துறையோட டிடிசிபி அங்கீகாரம் இருக்கானு பத்திரத்துல பாருங்க. இல்லைன்னா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவான மனைன்றதால வரன்முறை பண்ண வழி இருக்கு. வரன்முறை இல்லாத மனைக்கு கட்டட அனுமதியும் பேங்க் லோனும் சிரமம், அதனாலதான் ரொக்க பார்ட்டிங்க அடிமாட்டு விலைக்கு கேப்பாங்க. அந்த பேப்பர் கையில இருந்தா வீடு கட்ட நினைக்கற லோன் பார்ட்டியே வருவாங்க, விலையும் ஏறும், பணமும் பேங்க் வழியாவே வந்துடும்.

ஆள் அமைஞ்சா கிரய ஒப்பந்தத்தை பதிவு பண்ணிக்கோங்க, மூணு மாச கெடு போடுங்க, அட்வான்ஸ் பேங்க் வழியா மட்டும். கிரயத்தன்னிக்கு மூணு பேர் பங்கும் மூணு பேரோட சொந்த கணக்குக்கு ஆர்டிஜிஎஸ்ல வரட்டும், எல்லாம் உங்க கணக்குக்கு வந்து அப்புறம் பிரிக்கறது வேண்டாம், அந்த நம்பர் பத்திரத்துலயே ஏறட்டும். பணம் ஏறின மெசேஜ் வந்தப்புறம்தான் கையெழுத்து. டிடி குடுத்தா அந்த பேங்க்குக்கே போன் போட்டு உண்மையானு கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க.

காடு இப்போதைக்கு இருக்கட்டும், ஆனா பேப்பரை இப்பவே சரி பண்ணிடுங்க. பட்டா இன்னும் அப்பா பேர்ல இருக்கு. இ-சேவைல வாரிசு சான்றிதழுக்கு போட்டு, மூணு பேர் பேரும் பட்டால ஏறட்டும். அப்பா பேர்ல வில்லங்கம் போட்டு பாருங்க, புல வரைபடம் எடுத்து கெணறு, வண்டித்தடம் எல்லாம் உங்க சர்வே நம்பருக்குள்ள இருக்கானு பாருங்க, கவர்மெண்ட் நில கணக்கை புதுப்பிச்ச யுடிஆர் காலத்துல மாறிப்போன எல்லைங்க கொங்கு பக்கம் எவ்வளவோ இருக்கு, விக்கற நேரத்துல அது தெரியவந்தா விலையை அங்கயே அமுக்கிடுவாங்க.

அந்த பார்ட்டி மறுபடி வந்தா சண்டை எதும் வேண்டாம். மனை மட்டும்தான், முழு விலையும் பத்திரத்துல, பணம் பேங்க்ல, பவர் கிடையாதுனு சொல்லுங்க, சரின்னா பேசலாம். தாலுகா ஆபீஸ் போறப்ப அப்பாவோட இறப்பு சான்றிதழ், மூணு பேர் ஆதார், பழைய பட்டா நகல் எடுத்துக்கோங்க, அக்காவை ஒருநாள் முன்னாடியே திண்டுக்கல்ல இருந்து வரச்சொல்லிடுங்க.