பழைய இசுசு எல்ஃப் லொறியில் தனி வெப்ப மீட்டரை எங்கே, எப்படிப் பொருத்துவது?

கம்பனி மீட்டரின் முள் எப்போதும் நடுவிலேயே நிற்பதால், கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதை இலக்கத்தில் அறிய விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னுடைய எல்ஃபிலும் இதே தேவைக்காகவே 52 மில்லிமீற்றர் மீட்டர் ஒன்றைப் பொருத்தினேன்.

டாஷ்போர்டை வெட்டாதீர்கள். பல வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் துளையிடும்போதே வெடித்துவிடும். கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மாற்று டாஷ்போர்ட் அகப்பட்டாலும் அதற்கும் அதே வயதுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்கு இடப்புறம், கீழ்விளிம்பில் ஏற்கெனவே உள்ள ஆணியோடு ஒரு தகரத் தாங்கியைச் சேர்த்துப் பிடித்து, மீட்டரின் முகத்தை உங்கள் பக்கம் சற்றுத் திருப்பிவிட்டால் போதும்.

மீட்டரை வாங்குமுன் பற்றரியைப் பாருங்கள். எல்ஃபில் 12 வோல்ட்டும் உண்டு, 24 வோல்ட்டும் உண்டு. சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரிலிருந்து சிறிய பியூஸ் வழியாக இணைப்பை எடுத்து, மீட்டர் விளக்கைப் பார்க் லைட் வயரோடு சேருங்கள்.

கவனம் அதிகம் தேவைப்படுவது, எஞ்சினில் பூட்டி அதன் நீரின் சூட்டை அளக்கும் சென்சருக்குத்தான். மீட்டரோடு வந்த சென்சரையே போட வேண்டும், இல்லையேல் காட்டும் இலக்கம் பிழைக்கும். அமெரிக்க அளவுச் சென்சரில் அங்குலத்துக்கு 27 மரைகளும், ஜப்பானிய எஞ்சின்களில் வழக்கமான அளவில் 28 மரைகளும் இருப்பதால், கையால் ஓரிரு சுற்று ஏறியதும் பொருந்திவிட்டதாகத் தோன்றும். ஸ்பானரால் இறுக்கும்போதுதான் துளையின் மரை சிதையும். ஒற்றை வயர்ச் சென்சர் தன் உடல் வழியாகவே எர்த் பெறுகிறது. மரை முழுவதும் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டு, மீட்டர் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது. பூட்டுமுன் சென்சரின் உடலை எர்த்தோடு இணைத்து, அதன் முனையைக் கொதிநீரில் பிடித்துப் பாருங்கள். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் முள் 100 பாகையை ஒட்டி நிற்க வேண்டும்.

கேபின் முன்னால் கவிழும் வகை என்றால், எஞ்சினிலிருந்து வரும் வயரைக் குறுக்குவழியில் இழுக்காமல், கேபின் கீலை ஒட்டிச் செல்லும் பழைய வயர்க்கட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து, தகட்டுத் துளையில் இறப்பர் வளையம் போட்டு உள்ளே எடுங்கள். கேபினை ஒருமுறை முழுவதுமாகக் கவிழ்த்து, வயர் எங்கும் இழுபடவில்லை என்று கண்ட பிறகே கட்டுகளை இறுக்குங்கள்.