டெமரேர் படம்: பாய்மரம் முன்னாலா, புகைபோக்கி முன்னாலா?

வணக்கம். ஆங்கில ஓவியர் டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ ஓவியத்தின் கறுப்பு-வெள்ளை அச்சுப்படம் ஒன்றைப் பழம்பொருள் கடையில் வாங்கினேன். டர்னர் காலத்துச் செதுக்கு அச்சு என்றார் விற்றவர். நம்பலாமா? தாளில் பழுப்புப் புள்ளிகள் வேறு. வீட்டிலேயே போக்க முடியுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில், டெமரேர் என்ற பழைய போர்க்கப்பலை உடைக்க இழுத்துச் செல்லும் நீராவி இழுவைப் படகைப் பாருங்கள். 1839 ஓவியத்தில் அதன் புகைபோக்கி முன்னால், பாய்மரம் பின்னால். உண்மையான படகுகளில் பாய்மரம்தான் முன்னால் இருக்கும். 1845இல் இதைத் தகட்டில் செதுக்கிய வில்மோர் அதைத் ‘திருத்தி’விட்டார். டர்னருக்குக் கோபம். அவர் பக்கம்தான் நியாயம் என்பேன்: புகைபோக்கி முன்னால் நின்றால்தானே புகை முழுக்கப் பழைய கப்பலின் மேல் படியும்! தகவல் பிழைதான் பிரச்சினை என்றால் ஓவியத்தில் அது நிறையவே உண்டு. நிஜத்தில், 1838இல் இங்கிலாந்தின் ஷீர்னஸிலிருந்து லண்டனின் ராதர்ஹைத்துக்கு உடைக்கப் போன அந்த 98 பீரங்கிக் கப்பலில் பாய்மரங்களே இல்லை. இழுத்தவையும் இரண்டு படகுகள்.

உங்கள் படத்தில் பாய்மரம் முன்னால் இருந்தால் அது வில்மோர் தகட்டின் வழி வந்தது. ஆனால் அந்தத் தகட்டு அச்சேதானா, பிற்கால நகலா என்பதைப் பத்து மடங்கு லென்ஸ்தான் சொல்லும். வானப் பகுதியில் வையுங்கள். செதுக்கிய கோடு தடித்து மெலிந்து கூராக முடியும். இடையில் தாள் வெள்ளையாகத் தெரியும். வரிசையான புள்ளிகள் என்றால் இயந்திர நகல். கோட்டின் ஓரம் மணல்போலச் சொரசொரத்தால் போட்டோகிராவ்யூர், அதாவது புகைப்பட முறையில் தகட்டில் பதித்து அச்சிட்டது. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளத்தை மட்டும் நம்பாதீர்கள். போட்டோகிராவ்யூருக்கும் அது விழும், அசலிலோ விளிம்பு வெட்டப்பட்டிருக்கலாம்.

புள்ளிகளை ப்ளீச் போட்டு எடுக்க வேண்டாம். தாள் நொறுங்கும். தண்ணீரும் ஆபத்து: அக்காலப் பிரதிகள் பல மெல்லிய தாளில் அச்சாகித் தடித்த தாளோடு ஒட்டியவை, நனைந்தால் இரண்டும் பிரியும். அதைக் காகிதப் பராமரிப்பு அறிந்தவரிடம் விடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஃபிரேமை மாற்றுவது. பின்னட்டையைக் கழற்றுங்கள், படம் எங்காவது ஒட்டியிருந்தால் இழுக்காமல் நிறுத்திவிடுங்கள். பழைய மவுண்ட் அட்டையின் அமிலம்தான் ஓரத்தில் பழுப்புப் பட்டை போடும், ஆகவே பருத்தி அட்டை வாங்குங்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு படத்தை அந்த அட்டையில் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால், ஈரப்பதத்தில் விரியும் தாளுக்கு இடமின்றிச் சுருக்கம் விழும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. செலோடேப்பை அந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள்.